தீவுக்கு ஒரு குடும்பப் பெயர்
கேரித்தீவும் அதில் வாழ்ந்தவர்களின் பெயர்களும்

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. மேலே மோனோரயில் தடதடத்துப் போகிறது. கீழே பூமாலைக் கடையில் மல்லிகைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இரண்டு கடை தள்ளி ஒரு குறுகிய மாடிப்படி. ஏறினால் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் சின்ன அலுவலகம். விண்ணப்பக் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் காட்சி இது.

கேரித்தீவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்த ஓர் அப்பா. செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருட வேலை. பக்கத்தில் எஸ்டிபிஎம் முடித்த மகள். கணினித் திரையில் வரிசையாகப் பெட்டிகள். முதல் பெட்டியில் பெயரை அடித்தாயிற்று. அடுத்த பெட்டிக்கு மேலே சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம் நிரப்ப வேண்டியது. ‘குடும்பப் பெயர்’ என்கிறது.

“இதுல என்னாப்பா போடறது?”

“நம்ம பேரப் போடும்மா.”

“என் பேரு மேல போட்டாச்சுப்பா. இது குடும்பத்தோட பேரு கேக்குது.”

“நமக்கு ஏதும்மா அது?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இளைஞருக்கு இந்தக் கேள்வி பழகிப் போனது. “அப்பா பேரயே போட்டுடுங்க அங்கிள். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.”

அந்த அப்பா பிறந்து, வளர்ந்து, உழைத்த நிலத்துக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டு. ‘கேரி’ என்பது ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் குடும்பப் பெயர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடத்தில் இருக்கும் அந்தப் பெயர் பள்ளிப் பலகையிலும், அடையாள அட்டையின் முகவரி வரியிலும் அழியாமல் நிற்கிறது. அந்த மண்ணில் வேலை செய்த மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்களின் பெயர்களோ இரண்டு தலைமுறைக்கு மேல் எந்த ஏட்டிலும் தொடர்ந்து வருவதில்லை.

ஆற்றுக்கு அப்பால்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டித் திரும்பினால் லங்காட் ஆற்றின் மேல் ஒரு பாலம் வரும். அதைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். தீவென்று சொன்னால் கடற்கரை மணலையும் தென்னையையும் நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது சதுப்பிலிருந்து மீட்ட நிலம். அலை ஏறும் நேரத்தில் கடல் நீர் நிலத்தைவிட உயரமாக நிற்கும். அதனால் தீவைச் சுற்றி மண்ணால் கரை கட்டி, உள்ளே கால்வாய் வெட்டி, நீரை வடியவிட்டுத்தான் இங்கே மரம் வைத்தார்கள். மேற்கு, கிழக்கு, தெற்கு என்று தோட்டப் பிரிவுகளின் பெயரால் அழைக்கப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வந்ததும் அந்த உழைப்பைத் தொட்டுத்தான்.

தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வாலண்டைன் கேரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே தோட்டம் திறந்தவர். சிலாங்கூரை அப்போது சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா ஆண்டார் (1898–1938). ஆற்றின் மறுகரையில் இருந்த ஜுக்ராதான் அரச நகரம். தோட்ட நிறுவனத்தின் பெயரில் ஜுக்ராவும் இருந்தது, கேரியும் இருந்தது. ஊர்ப்பெயர் ஊரோடு நின்றுவிட, முதலாளியின் பெயர் ஒரு தீவு முழுவதற்கும் ஆகிவிட்டது.

மலாயாவில் இது புதுமையல்ல. சர்வேயர் வில்லியம் கேமரன் பெயரில் ஒரு மலைநாடு, பிரேசர் பெயரில் ஒரு மலை, பட்டர்வொர்த் பெயரில் ஒரு பட்டணம். 1901இல் திறந்த துறைமுகத்துக்கு சுவெட்டன்ஹாம் பெயர். தமிழர்கள் கப்பலை விட்டு இறங்கிய அந்தத் துறைமுகம் 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆயிற்று. போர்ட் வெல்ட் கோல செப்பெத்தாங் ஆயிற்று. கேரித்தீவின் பெயரை யாரும் மாற்றவில்லை.

■ பெட்டிச் செய்தி: ‘கேரி’ என்றால் என்ன?

● இந்தக் குடும்பப் பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் உண்டு. அயர்லாந்தில் ‘ஓ கியர்தா’ என்ற கேலிக் பெயர் ஆங்கில வாயில் கேரி ஆனது. ‘கியர்’ என்றால் கருமை. கியர்தா என்ற மூதாதையின் வழிவந்தவர் என்பது முழுப்பொருள்.

● கில்டேர் வட்டாரத்தில் கார்பரி என்ற நிலத்தை ஆண்ட குலம் அது. நார்மன்கள் வந்தபின் ஆட்சி போனது, பெயர் பரவியது.

● இங்கிலாந்தில் சாமர்செட் வட்டாரத்தில் கேரி என்று ஓர் ஆறு. அதையொட்டிய காசில் கேரி என்ற ஊரால் பெயர் பெற்ற குடும்பங்கள் தனி. ஷேக்ஸ்பியர் இருந்த நாடகக் குழுவை ஆதரித்த ஹென்றி கேரி பிரபுவும், வங்காளத்தில் செராம்பூரில் அச்சுக்கூடம் நடத்திய மதபோதகர் வில்லியம் கேரியும் (1761–1834) இங்கிலாந்துக் கேரிகள்.

● 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுப் போனவர்களோடு இந்தப் பெயர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது.

● பெயர் போன வழியெல்லாம் ரத்தமும் போனதாகச் சொல்ல முடியாது. பாடகி மரியா கேரியின் தந்தைவழிப் பாட்டனார் வெனிசுவேலாவிலிருந்து வந்தவர். அவருடைய குடும்பப் பெயர் நூனியெஸ். நியூயார்க் வந்த பிறகு கேரி என்று வைத்துக்கொண்டார்.

கருப்பன் வந்த தீவு

அயர்லாந்து வேரில் ‘கேரி’ என்றால் கரியவன் வழிவந்தவன். இதே பொருள் கொண்ட பெயர்கள் தோட்ட லயங்களில் வீட்டுக்கு வீடு இருந்தன. கருப்பன், கருப்பையா, கருப்பண்ணன், கருப்பாயி. ஊர்க்காவல் தெய்வமான கருப்பசாமியின் பெயரைத் தாங்கியவர்கள். கியர்தா பெயர் ஆயிரம் ஆண்டு வழி வழியாக வந்தது; அதே ஒலியுள்ள பெயர் ஒரு தீவின் மேல் உட்கார்ந்தது. கருப்பன் பெயர் அவருடைய பேரப்பிள்ளை காலத்துக்குள் ஏட்டிலிருந்து போய்விட்டது. இரண்டு பெயரின் பொருளும் ஒன்று. வேறுபாடு எழுதி வைத்த முறையில்தான் இருக்கிறது.

கேரித்தீவுத் தோட்டம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய குடும்பப் பெயரின் கீழேதான் இருந்து வந்திருக்கிறது. முதலில் கேரி. பிறகு ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட். 1844இல் லிவர்பூலில் தேயிலை வியாபாரம் தொடங்கிய ஹாரிசன் சகோதரர்களும் கிராஸ்பீல்டும் சேர்ந்த பெயர். அந்தத் தோட்டங்கள் மலேசியர் கைக்கு வந்தபின் கோல்டன் ஹோப் என்று ஆனது ஓர் இடைவேளை. 2007இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் இணைந்தபோது சைம் டார்பி என்ற பெயர் நின்றது. வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்ற இருவர் 1910இல் மலாக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. 2024இல் தோட்ட நிறுவனத்தின் பெயர் எஸ்டி கத்ரி என்று மாறியது; 1821இல் சிங்கப்பூரில் கடை திறந்த அலெக்சாண்டர் கத்ரியின் பெயர் மீண்டும் வந்துவிட்டது.

கேரி, ஹாரிசன், கிராஸ்பீல்ட், சைம், டார்பி, கத்ரி. ஆறு குடும்பப் பெயர்கள். பங்குகள் கைமாறின, நாடு விடுதலை பெற்றது, ரப்பர் போய் செம்பனை வந்தது. பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அந்தச் செம்பனைக் குலைகளை அறுத்துத் தள்ளியவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகங்களில் இருந்தன; அந்தப் புத்தகங்களைப் பேரப்பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை.

நத்தாலில் உறைந்தது, மலாயாவில் கரைந்தது

கடல் கடந்த தமிழர்களுக்கெல்லாம் இதே கதை நடந்ததா என்றால், இல்லை. தென்னாப்பிரிக்காவின் நத்தாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பாருங்கள். அங்கே அதிகாரிகள் குடும்பப் பெயர் கேட்டார்கள். நாயுடு ‘நைடூ’ ஆனது, முதலி ‘மூட்லி’ ஆனது, பிள்ளை ‘பில்லே’ ஆனது, கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனது. இன்று டர்பன் நகரத் தொலைபேசிப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். சாதிப் பட்டம் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளில் இன்னொரு வழி. வந்திறங்கியவரின் ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தியர்களின் வாக்குரிமைக்காக நீண்ட வழக்கு நடத்தியவர் ஆன்ரி சிதம்பரோம் (1863–1952). தமிழ்ப் பேச்சு மறைந்துபோன அந்தத் தீவில் சிதம்பரம் என்ற பெயர் பிரெஞ்சு ஒலியோடு இன்றும் வாழ்கிறது.

மலாயாவில் இரண்டும் நடக்கவில்லை. காரணத்தைக் கங்காணி முறையில் தேட வேண்டும். கங்காணி ஊருக்குப் போய் உறவையும் பழக்கத்தையும் வைத்து ஆள் கூட்டி வருவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறையிலோ இறங்குவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பலர் திரும்பிப் போவார்கள், மறுபடி வருவார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இப்படித்தான். நிலையாகத் தங்குகிற குடும்பம் என்று அவர்களைக் கணக்கில் எடுக்கவே நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. கூலி கணக்குப் பார்க்க ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் போதும். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களும் ‘பின்’, ‘பிந்தி’ என்று தகப்பன் பெயரைத்தான் சேர்த்து எழுதினார்கள். அதே வரியில் தமிழர்களுக்கும் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்ற ஆங்கிலச் சுருக்கம் சேர்ந்தது. மலாய் மொழி ஆட்சிமொழி ஆனபின் அது ஏ/எல், ஏ/பி என்று மாறியது. ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’. சிங்கப்பூரில் பழைய ஆங்கிலச் சுருக்கம் இன்னும் இருக்கிறது.

இந்த ஏ/எல் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. கெடாவில் வாழும் சயாமிய வம்சாவளியினர் பெயரிலும் அது உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு. 1909 ஒப்பந்தத்தில் சயாம் கெடாவை ஆங்கிலேயரிடம் கொடுத்தது. 1913இல் சயாம் மன்னர் வஜிராவுத் குடிமக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். எல்லைக்கோடு நான்கு ஆண்டு முந்திவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடைத்தது, இந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தகப்பன் பெயர் மட்டும்.

பேரன் என்ற சொல்

‘நமக்கு ஏது’ என்று கேரித்தீவு அப்பா சொன்னதில் பாதிதான் உண்மை. தமிழரிடம் பெயரைக் காக்க ஒரு வழி இருந்தது. அது அலுவலகத்துக்குப் புரியாத வழி.

பேரன் என்ற சொல்லே அதைச் சொல்கிறது. பெயரன்தான் பேரன்; பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்திதான் பேத்தி. முத்தன் மகன் வேலன், வேலன் மகன் முத்தன், அவன் மகன் வேலன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் வீட்டுக்குத் திரும்பி வரும். பாட்டன் பெயரைச் சொல்லி அதட்டக் கூசிய மருமகள்கள் பிள்ளையை வேறு செல்லப் பெயரால் கூப்பிட்டார்கள் என்றால், அந்தப் பெயருக்கு வீட்டில் அவ்வளவு மரியாதை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நின்றது. முன்னெழுத்தும் பெயரும் சேர்ந்தால் இரண்டு தலைமுறை, பெயர் திரும்பி வருவதால் நான்கு தலைமுறை கைக்குள் இருந்தது.

பணம் புழங்கிய வீடுகளில் இதையே இன்னும் கெட்டியாகச் செய்தார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார்களின் ‘விலாசம்’ அதுதான். அப்பா, பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோர்த்த சரம். கடன் பத்திரத்தில் அந்த விலாசத்தைப் பார்த்தால் எந்த ஊர், எந்த வீடு, யார் வழி என்று தெரியும். சொத்து இருந்த இடத்தில் எழுத்து இருந்தது.

லயத்தில் எழுத்து இல்லை, வாய்மொழிதான் இருந்தது. அதையும் காலம் கலைத்தது. 1970களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு முனியாண்டி, மாரிமுத்து, அஞ்சலை என்று வைக்கப் பெற்றோருக்குத் தயக்கம். சினிமாப் பெயர் வந்தது, எண்கணிதப் பெயர் வந்தது, எழுத்தைக் கூட்டிக் குறைத்த பெயர் வந்தது. பாட்டன் பெயர் வீட்டுக்குத் திரும்புவது நின்றது. முன்னெழுத்து மட்டும் மிஞ்சியது. ஓர் எழுத்து எவ்வளவு தூரம் நினைவைச் சுமக்கும்?

சாதிப் பட்டம் பெயரிலிருந்து விழுந்ததை இந்த இழப்போடு சேர்த்துப் பேசக்கூடாது. அது விரும்பிச் செய்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுவதும் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கி அந்தக் கருத்தை வாரம் தவறாமல் எடுத்துச் சென்றார். நத்தாலில் சாதி குடும்பப் பெயராக உறைந்ததையும், இங்கே அப்படி உறையாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலேசியத் தமிழரின் பெயர் சுமக்காத ஒரு பாரமும் கண்ணில் படும்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

● 1957ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஏ பிரிவு, பிள்ளைக்குப் போட வேண்டிய குடும்பப் பெயரைப் பற்றிப் பேசுகிறது. அதிலேயே ‘இருந்தால்’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாத மக்களும் இந்த நாட்டில் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

● 2020 பிப்ரவரி 13இல், ஜொகூரில் பிறந்த ஒரு முஸ்லிம் குழந்தையின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 4–3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, எனவே அந்தப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. குழந்தைக்கு ‘பின் அப்துல்லா’ என்று பதிவிலாகா தானாகப் போட்டதும் தவறு என்றது.

● 2020 மக்கள் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. எத்தனை கேரிகள் என்று அயர்லாந்தில் எண்ணலாம். எத்தனை முனியாண்டி குடும்பம் என்று இங்கே எண்ண முடியாது; ஒரு குடும்பத்தில் முனியாண்டி ஒருவர்தான்.

ஓர் எழுத்து பிசகினால்

தோட்டத்தில் பெயர் எழுதியவர் பெரும்பாலும் கிராணி என்ற எழுத்தர். அவர் காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார். முனியாண்டி என்ற ஒரே பெயர் ஒருவர் பிறப்புப் பத்திரத்தில் ‘ஐ’ எழுத்தில் முடியும், தம்பி பத்திரத்தில் ‘ஒய்’யில் முடியும். சுப்பிரமணியத்தை எழுதுவதற்கு எத்தனை வழி என்று எண்ணினால் கை விரல் போதாது. 1948இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தபோது அந்தப் பிழைகள் அச்சேறின. 2001இல் மைகார்டு வந்தபோது சில்லுக்குள் போயின.

தோட்டத்தோடு வாழ்க்கை முடிகிறவரை இது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அப்பா இறந்து, அவருடைய ஊழியர் சேமநிதிப் பணத்தையோ தரை வீட்டையோ பிள்ளைகள் பேருக்கு மாற்றப் போகும்போதுதான் முகப்பில் கேட்பார்கள்: உங்கள் அட்டையில் இருக்கும் தகப்பன் பெயரும் இவர் பெயரும் ஒன்றா? ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று விதமான அப்பா பெயர். சத்தியப் பிரமாணம் எழுதி, முத்திரை வாங்கி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். குடும்பப் பெயர் ஒன்று இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வராது என்று சொல்வதற்கில்லை, அதுவும் பிழையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் தமிழரின் உறவுக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அந்தத் தகப்பன் பெயர்தான். அதில் கை வைத்தால் பிடித்து நிற்க வேறு கிளை இல்லை.

இதைவிடக் கொடியது தகப்பன் பெயர் விழாமலே போவது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. அதன்பின் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி விருந்து வைத்த கல்யாணம் போதும் என்று நினைத்த தோட்டத்துத் தம்பதிகள் ஏராளம். சட்டத்தின் கண்ணில் அவர்களின் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்பா வந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் காலி. குடியுரிமையும் தாய்வழியே பார்க்கப்படும். தாயிடம் குடிமக்களுக்கான நீல அட்டை இல்லாவிட்டால் பிள்ளைக்கு நாடே இல்லாமல் போகலாம். 2011இல் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதியும் இயக்கத்தை அரசே நடத்த வேண்டி வந்தது. பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டுமானால் இந்த நிலை வந்திருக்காது. பள்ளியில் இடம், அரசு மருத்துவமனைக் கட்டணம், வங்கிக் கணக்கு, வாக்குச்சீட்டு எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன.

விமான நிலையத்துச் சிக்கல்கள் இதற்கு முன்னால் சின்னவை. சாய்கோட்டை டிக்கெட் எடுக்கும் கணினி ஏற்காது, ஏ-எல் என்ற இரண்டு எழுத்தும் பெயரின் நடுவில் ஒட்டிக்கொண்டு அச்சாகும். வெளிநாட்டு மருத்துவமனையில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், மகன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பான். தாயும் பிள்ளையும் சேர்ந்து பயணம் போனால் இருவர் கடப்பிதழிலும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்காது. அவள் பெயருக்குப் பின்னால் அவளுடைய அப்பா, பிள்ளை பெயருக்குப் பின்னால் அதன் அப்பா.

அதே வரியில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. மலேசியத் தமிழ்ப்பெண் கல்யாணம் ஆனதும் அடையாள அட்டையில் பெயரை மாற்றுவதில்லை. பிறந்தபோது எழுதிய பெயரோடுதான் படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், சேமநிதி எடுக்கிறாள், கடைசியில் இறப்புப் பத்திரமும் அந்தப் பெயரில்தான். இங்கிலாந்தின் கேரி வீட்டுப் பெண்களுக்கு நூற்றாண்டுகளாக அது வாய்க்கவில்லை.

முன்னோரைக் கூப்பிடுகிறவர்கள்

கேரித்தீவில் கேரிக்கும் தமிழருக்கும் முன்பே இருந்தவர்கள் மா மெரி மக்கள். காட்டு மனிதர்கள் என்று பொருள். பழைய ஆங்கில நூல்கள் அவர்களை பெசிசி என்று குறித்தன. அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. சுங்கை பும்புன், சுங்கை ஜூடா போன்ற கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் அடையாள அட்டையிலும் ஏ/எல், ஏ/பி பார்க்கலாம். தமிழருக்குப் போட்ட அதே சுருக்கம்.

ஆனால் முன்னோரை நினைக்க அவர்கள் ஏட்டை நம்பவில்லை. ஆண்டுக்கொரு முறை ஹரி மோயாங், அதாவது முன்னோர் நாள். நீப்பா ஓலையில் பின்னிய அணிகளோடு, மரமுகமூடி அணிந்து, ‘ஜோஹோ’ ஆடுவார்கள். ஒவ்வொரு முகமூடியும் ஒரு மோயாங். ஒவ்வொன்றுக்கும் பெயரும் கதையும் உண்டு. பாதி மனிதன் பாதி புலியான மோயாங் மெலுர் அவற்றுள் பேர்பெற்றது. நீரி பத்து மரத்தின் சிவந்த வைரத்தில் அதைச் செதுக்குகிறார்கள். அந்தச் சிற்பங்களுக்கு யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. நாடு விடுதலை பெற்றபின் பூர்வக்குடி விவகார ஆணையராக இருந்து, 1976இல் அவர்களைப் பற்றிய விரிவான நூல் எழுதியவர் பெயர் இஸ்கந்தர் கேரி. தோட்டத்தால் ஒரு கேரி, புத்தகத்தால் ஒரு கேரி.

தமிழ் லயங்களில் இதற்கு ஈடாக இருந்தவை கோயில் சுவரும் குழாய்விளக்கும்தான். ‘உபயம்’ என்று எழுதி, தமிழில் முன்னெழுத்து, பெயர், சில இடங்களில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயரும் இருக்கும். தோட்டம் விற்கப்பட்டு லயம் இடிபட்டபோது பல இடங்களில் அந்தச் சுவர்களும் போயின. இப்போது நாற்பது வயதில் இருக்கும் பேரன்கள் சேலமா, திருச்சியா, தஞ்சாவூரா என்று தேடுகிறார்கள். கையில் இருப்பது பாட்டன் பெயர் ஒன்று, கப்பல் பெயர் ஒன்று. பெரும்பாலும் அது ரஜூலா. ரஜூலாவில் வந்த முனியாண்டிகள் ஆயிரக்கணக்கானோர்.

சிலர் செல்பேசியில் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள். பிள்ளைக்குப் புதுப்பெயரோடு பாட்டன் பெயரையும் சேர்த்து இரண்டு பெயராகப் பிறப்புப் பத்திரத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இறந்தோர் நினைவுநாள் விளம்பரங்கள் இன்னொரு ஆவணம். தமிழ் நாளிதழ்களில் வரும் அந்தச் சின்னக் கட்டத்தில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு குடும்பத்தின் முழுப்பெயர்ப் பட்டியல் அச்சில் வரும் ஒரே இடம் பல வீடுகளுக்கு அதுதான். அதைக் கத்தரித்துச் சாமி அறையில் வைத்திருக்கும் வீடுகள் கிள்ளானில் நிறைய.

மாடிப்படி அலுவலகத்தில் மகள் அப்பாவின் பெயரை அடித்து முடிக்கிறாள். இனி மெல்பனிலோ பெர்த்திலோ அவளைக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அங்கேயே தங்கிவிட்டால் அவள் பிள்ளைகளின் பத்திரத்திலும் அது ஏறலாம். செம்பனைத் தோட்டத்தில் செக்ரோலில் மட்டும் இருந்த ஒரு பெயர், குடும்பப் பெயர் ஆகிறது.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைக் கிட்டத்தில் பார்க்கிறார். எழுத்து எழுத்தாகத் தன் பெயரைச் சரிபார்க்கிறார்.

“எங்கப்பா பேரு எங்கம்மா போடறது?”

மகள் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்க்கிறாள். பிறகு விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள்.

“சொல்லுங்கப்பா. தாத்தா பேரு முழுசா என்னா? அவருக்கு எந்த ஊரு?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.